சீனம் தெரியாமலேயே சீனக் கோவில் கல்வெட்டுல வருஷம் கண்டுபிடிக்கிறது எப்படி

சிங்கப்பூர் தெலோக் ஆயர் ஸ்ட்ரீட்ல நாகூர் தர்கா, தியன் ஹோக் கெங் சீனக் கோவில், குச்சுப் பள்ளின்னு நம்ம ஆளுங்க சொல்ற அல் அப்ரார் பள்ளிவாசல் மூணும் ஒரே வரிசையில இருக்கு, அந்தக் காலத்துல இது கடற்கரை, கப்பல்ல இருந்து இறங்கினவங்க உயிரோட வந்து சேர்ந்ததுக்கு நன்றி சொன்ன இடங்க. நாகப்பட்டினம் பக்கத்துல இருந்து வந்தவங்களும் சீனாவோட ஃபுஜியான் மாகாணத்துல இருந்து வந்தவங்களும் பக்கத்துப் பக்கத்துல நின்னு கும்பிட்டிருக்காங்க. ஆனா நம்மில பலபேரு தியன் ஹோக் கெங் உள்ள போனா கூரையை அண்ணாந்து பாக்குறோம், செல்ஃபி எடுக்குறோம், கறுப்புப் பலகையில தங்க எழுத்தைப் பாத்து "என்னமோ எழுதியிருக்கு"ன்னு வெளிய வந்துடுறோம். அந்த எழுத்துல முழுசா எல்லாம் படிக்க வருஷக்கணக்கா படிக்கணும், ஒத்துக்குறேன், ஆனா தேதி மட்டும் படிக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். கிழக்காசிய வரலாறு படிக்கிறவங்க ஒரு கல்லு முன்னாடி நின்னா முதல்ல தேடுறதும் அதைத்தான், ஏன்னா எந்த வருஷம்னு தெரியாத கல்லை வச்சுக்கிட்டு மேற்கொண்டு ஒண்ணும் பேச முடியாது.

நமக்கு இதுல ஒரு வசதி இருக்கு, நம்ம கல்வெட்டும் இதே மாதிரிதான் பேசும். தஞ்சாவூர்ல "ராஜராஜ தேவர்க்கு யாண்டு இருபத்தாறாவது"ன்னு இருந்தா அது கி.பி. கணக்கு இல்ல, ராஜா பட்டத்துக்கு வந்து 26ஆவது வருஷம், 985ல ஆரம்பிச்சு எண்ணினா 1010 வாக்குல வரும். சீனாவுலயும் ராஜா கணக்குதான். அதுக்கு மேல பிரபவ விபவ மாதிரி ஒரு 60 வருஷச் சக்கரமும் வச்சிருக்காங்க. ரெண்டும் தெரிஞ்ச வீட்டுல பொறந்தவங்களுக்கு இது புதுசே இல்ல.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல எங்க பாக்குறதுன்னு தெரியணும். மேல மாட்டியிருக்குற அகலமான பலகையில பெரிய எழுத்து நாலு இருக்கும், அது பழைய முறைப்படி வலமிருந்து இடமா படிக்கிறது, அதை விட்டுடுங்க. பலகையோட ஓரத்துல சின்ன எழுத்துல மேலயிருந்து கீழ ஒரு வரி இறங்கும், பொதுவா வலது ஓரத்துல தேதி, இடது ஓரத்துல கொடுத்தவங்க பேரு. கல்வெட்டா இருந்தா தேதி பெரும்பாலும் கடைசியில, அதாவது இடது பக்கம் முடியுற இடத்துல. மணி, ஊதுவத்தி வைக்குற கலசம், கல் தூண் இதுலயும் தேதி இருக்கும், யாரும் பாக்க மாட்டாங்க, நீங்க பாருங்க.

போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி அங்க இருக்குற அங்கிள்கிட்டயோ ஆன்ட்டிகிட்டயோ கேட்டுடுங்க, சாமி கும்பிடுறவங்க முன்னாடி போய் நிக்காதீங்க, ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். தேய்ஞ்ச கல்லுக்கு ஒரு வித்தை இருக்கு: நேரா வெளிச்சம் அடிச்சா ஒண்ணும் தெரியாது, கூட வந்தவங்ககிட்ட ஃபோன் டார்ச்சைக் கொடுத்து கல்லுக்குப் பக்கவாட்டுல, கிட்டத்தட்ட கல்லை ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்க, எழுத்தோட பள்ளத்துல நிழல் விழுந்து பளிச்சுன்னு எழும்பும். கல்வெட்டு ஆளுங்க எல்லா ஊர்லயும் இப்படித்தான் பண்றாங்க. சாக்பீஸ் தேய்க்கிறது, மாவு பூசுறது, பேப்பர் ஒட்டி மை ஒத்தி படி எடுக்குறது இதெல்லாம் நாம செய்யக் கூடாது, படி எடுக்குறது பயிற்சி எடுத்தவங்க அனுமதியோட பண்ற வேலை, மாவு தேய்ச்சா கல்லு கெட்டுப்போகும்.

ஃபோன்ல லென்ஸ் ஆப் வச்சுப் படிக்கலாமான்னு கேப்பீங்க. படிக்கலாம், ஆனா நம்பிடாதீங்க, மேலயிருந்து கீழ இறங்குற வரிகளை அது அடிக்கடி குறுக்கால கலந்து கட்டிடும், தங்கப் பூச்சு மினுங்கினா சும்மா ஏதாவது ஒரு எழுத்தைத் தூக்கிப் போட்டுடும். சீன நண்பரைக் கூட்டிட்டுப் போறது நல்லதுதான், ஆனா இங்க 1969ல ஆரம்பிச்சு பள்ளிக்கூடத்துல சுருக்க எழுத்துக்கு மாறிட்டாங்க, பலகையில இருக்குறது பழைய முழு எழுத்து, அதனால அவரே தடுமாறினா கிண்டல் பண்ணாதீங்க, நம்மில எத்தனை பேருக்கு வட்டெழுத்து வரும்.

ஆப்பும் நண்பரும் சொல்றதைச் சரிபாக்கத்தான் கணக்கு. தேதி வரியில வரிசையா நாலு விஷயம் வரும்: வம்சத்தோட பேரு (சில சமயம் இருக்காது), ஆட்சிப் பேரு (ராஜாவோட ஆட்சிக் காலத்துக்குன்னு வச்ச பேரு), அந்த ஆட்சியில எத்தனையாவது வருஷம், 60 வருஷச் சக்கரத்துல அந்த வருஷத்தோட பேரு. அதுக்கப்புறம் மாசமோ பருவமோ, கடைசியில நல்ல நாள் பாத்து நிறுவினோம்ங்கற மாதிரி ரெண்டு சொல்லு.

எண்ணை நீங்களே படிச்சுடலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு அப்படியே ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடு, எல்லாம் படுக்கை வசத்துல. பத்து கூட்டல் குறி. கூட்டல் குறிக்கு மேல மூணு கோடு இருந்தா முப்பது, கீழ மூணு கோடு இருந்தா பதிமூணு, ரெண்டு பக்கமும் இருந்தா முப்பத்திமூணு, அவ்வளவுதான். இருபதுக்கு ரெண்டு கூட்டல் குறியை ஒட்டவச்ச மாதிரி தனி எழுத்து ஒண்ணு உண்டு, பழைய பலகைங்கள்ல நிறைய வரும். ஒரு ஆட்சியோட முதல் வருஷத்துக்கு மட்டும் ஒண்ணுன்னு போட மாட்டாங்க, அதுக்கு வேற எழுத்து: ரெண்டு படுக்கைக் கோடு, அதுக்குக் கீழ ரெண்டு கால். எண்ணே காணோமேன்னு தேடாதீங்க, அதுதான் முதல் வருஷம்.

ஆட்சிப் பேரு சிங்கப்பூருக்கு ரொம்பக் கொஞ்சம், அஞ்சு பேரு தெரிஞ்சா 19ஆம் நூற்றாண்டு முக்கால்வாசி முடிஞ்சது. தாவ்குவாங் 1821ல ஆரம்பம், ஷியென்ஃபெங் 1851, தொங்ஜி 1862, குவாங்ஷு 1875, ஷுவான்தொங் 1909. ஆரம்ப வருஷத்தோட வருஷ எண்ணைக் கூட்டி ஒண்ணைக் கழிங்க. பழைய இங்கிலீஷ் புத்தகத்துல குவாங்ஷு குவாங்ஸுன்னும் க்வாங் சுன்னும் வேற வேற ஸ்பெல்லிங்ல இருக்கும், ஹொக்கியன்காரங்க வாயில இன்னொரு மாதிரி வரும், எல்லாம் ஒரே ஆளுதான்.

இங்க நம்ம சோழர் கணக்குக்கும் அவங்க கணக்குக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. நம்ம ராஜாவுக்கு பட்டம் கட்டின நாள்ல இருந்து வருஷம் ஓடும். சீனாவுல மிங், சிங் வம்சங்க ஆண்ட காலத்துல அப்படி இல்ல, ராஜா நடு வருஷத்துல செத்தாலும் அந்த வருஷம் முடியுற வரைக்கும் பழைய ராஜா பேருலயேதான் ஓடும், புது ஆட்சிப் பேரு அடுத்த சீனப் புத்தாண்டுல இருந்துதான். தியன் ஹோக் கெங்ல கோவில் எழும்பின கதையைச் சொல்ற கருங்கல் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, அதுல தாவ்குவாங் 30ன்னு இருக்கும். 1821 கூட்டல் 30 கழித்தல் 1, 1850. தாவ்குவாங் ராஜா அந்த வருஷம் முதல் மாசத்துலயே போய்ச் சேர்ந்துட்டாரு, சிம்மாசனத்துல மகன் உக்காந்தாச்சு, ஆனாலும் வருஷம் செத்துப்போன அப்பா பேருலதான் நடக்குது. அதனால பலகையில ஒரு ராஜா பேரு இருக்குறதை வச்சு அந்த நாள்ல அவரு உயிரோட இருந்தாருன்னு எழுதிடாதீங்க.

இப்ப சரிபாக்குற வழி, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 60 வருஷச் சக்கரத்துல ஒவ்வொரு வருஷப் பேருக்கும் ரெண்டு எழுத்து. முதல் எழுத்து பத்துல ஒண்ணு, ரெண்டாவது பன்னெண்டுல ஒண்ணு. பன்னெண்டு நமக்கு சைனாடவுன் லைட்-அப்ல பாத்துப் பாத்துப் பழகினதுதான், எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. வருஷத்தை 12ஆல வகுத்து மீதி 4 வந்தா எலி, 5 மாடு, அப்படியே மேல போங்க, மீதி 0 குரங்கு. 2024ஐ வகுத்தா மீதி 8, டிராகன், சரியா?

பத்து இன்னும் சுலபம், கி.பி. வருஷத்தோட கடைசி இலக்கத்தைப் பாத்தா போதும். 4ல முடிஞ்சா ஜியா, 5 யி, 6 பிங், 7 திங், 8 வூ, 9 ஜி, 0 கெங், 1 ஷின், 2 ரென், 3 குய். இதை மனப்பாடம் பண்ணிட்டீங்கன்னா சீன வரலாற்றுப் புத்தகமே வேற மாதிரி தெரியும், ஏன்னா அவங்க பெரிய சம்பவங்களுக்கு வருஷப் பேரையே வச்சிருக்காங்க. ஜியாவூ போர்னா முதல் எழுத்து ஜியா, அப்ப 4ல முடியணும், 1894, ஜப்பானோட நடந்த சண்டை. வூஷு சீர்திருத்தம் 1898. ஷின்ஹாய் புரட்சி 1911. இது சீனாவோட நிக்காது, கொரியாவுல இம்ஜின் போர்ல வர்ற "இம்" இங்க உள்ள ரென்தான், 1592. ஜப்பான்ல போஷின் போரோட "போ" நம்ம வூ, 1868. ஜப்பான்ல பள்ளிக்கூடப் பசங்க பேஸ்பால் ஆடுற கோஷியென் ஸ்டேடியம் தெரியும்ல, 1924ல திறந்தது, அந்த வருஷம் ஜியாவும் எலியும் சேர்ந்து சக்கரம் புதுசா ஆரம்பிச்ச வருஷம்ங்கறதால அந்தப் பேரு. உச்சரிப்பு நாட்டுக்கு நாடு மாறும், எழுத்தும் கணக்கும் மாறாது.

தாவ்குவாங் 30க்குத் திரும்புவோம். 1850, கடைசி இலக்கம் 0, அப்ப கெங். 1850ஐ 12ஆல வகுத்தா மீதி 2, நாய். கல்லுல கெங்கும் நாயோட எழுத்தும் இருந்தா ரெண்டு கணக்கும் ஒத்துப்போச்சு, நிம்மதியா எழுதிக்கலாம். ஒத்துப்போகலைன்னா நீங்க எண்ணைத் தப்பாப் படிச்சிருக்கீங்க, இல்ல எழுத்து தேய்ஞ்சிருக்கு, இல்ல பிற்காலத்துல திருப்பி எழுதினவரு சறுக்கியிருக்காரு. இன்னொரு குறுக்குவழி: பத்தும் பன்னெண்டும் ஒவ்வொரு வருஷமும் சேர்ந்தே நகருறதால 120 ஜோடி வராது, 60தான். ஜியா, பிங், வூ, கெங், ரென் அஞ்சும் எலி, புலி, டிராகன், குதிரை, குரங்கு, நாயோட மட்டும்தான் வரும், மத்த அஞ்சும் மிச்ச ஆறோட. ஆப் உங்களுக்கு ஜியாவும் மாடும்னு காட்டினா கணக்கே போட வேண்டாம், தப்பு.

ஆட்சிப் பேரே இல்லாம சக்கரப் பேரு மட்டும் இருந்தா? 60 வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேரு வரும், நம்ம ஊர்ல "விசுவாவசு வருஷம் பொறந்தாரு"ன்னா 1965ஆ 1905ஆன்னு முழிக்கிற மாதிரிதான். ஷின்ஹாய்னு மட்டும் இருந்தா 1851, 1911, 1971 எதுவும் ஆகலாம், பேர்கள், கல்லு, பக்கத்துல உள்ள மத்த பலகை இதையெல்லாம் வச்சுத்தான் முடிவு பண்ணணும். ஆட்சிப் பேரு இருந்தா இந்தக் குழப்பம் வராது, காங்ஷி ஒருத்தரைத் தவிர. அவரு ஆட்சிப் பேரு 1662ல இருந்து 1722 வரைக்கும் 61 வருஷம் ஓடிச்சு, அதனால காங்ஷியில ரென்-புலி வருஷம் ரெண்டு தடவை வருது, முதல் வருஷமும் கடைசி வருஷமும்.

ராஜா பேரை வேணும்னே விட்டவங்களும் இருந்தாங்க. ராஜா பேரு வர வேண்டிய இடத்துல "தியென்யுன்"னு போட்டு, அதாவது வானத்தோட சுழற்சின்னு சொல்லி, சக்கரப் பேரை மட்டும் எழுதியிருப்பாங்க, சிங் வம்சத்தை ஏத்துக்காத ரகசியச் சங்கத்து ஆளுங்களோட வழக்கம் இது. கொரியாவுல இன்னும் ஒரு படி மேல, மிங் வம்சத்தோட கடைசி ஆட்சிப் பேரு சொங்ஜென், அந்த ராஜா 1644ல தூக்கு மாட்டிக்கிட்டு செத்துட்டாரு, கொரியப் படிப்பாளிகள் நூறு வருஷம் தாண்டியும் தங்களோட சொந்த எழுத்துல அந்தப் பேருலயே வருஷம் எண்ணிக்கிட்டு இருந்தாங்க, சிங்ல இருந்தவங்களை ராஜான்னு வாயால சொல்ல மனசு வரல. ஆக யாரு கணக்குல தேதி போட்டிருக்காங்கங்கறதே ஒரு தகவல், கி.பி.க்கு மாத்தின உடனே அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நோட்டுல மூலத் தேதியை அப்படியே எழுதி, பக்கத்துல கி.பி. எழுதுங்க.

1912க்கு அப்புறம் குடியரசு வந்துட்டதால மின்குவோ கணக்கு, எண்ணோட 1911ஐக் கூட்டினா போதும், மின்குவோ 20ன்னா 1931. இதை புக்கிட் பிரவுன்ல நிறையப் பாக்கலாம், 1922ல நகராட்சி இடுகாடாத் திறந்து 1973ல மூடினது, கிட்டத்தட்ட ஒரு லட்சம் கல்லறை, சில பணக்காரக் குடும்பக் கல்லறைங்கள்ல தலைப்பாகையும் துப்பாக்கியுமா சீக்கியக் காவலாளி சிலை நிக்கும், அதைப் பாக்கவே போகலாம். ஷூ போட்டுட்டுப் போங்க, கொசு மருந்து தடவுங்க, மேடு மேல ஏறாதீங்க, ஏப்ரல் தொடக்கத்துல முன்னோர் கல்லறையைக் கும்பிடுற சிங்மிங் சமயம் குடும்பங்க வருவாங்க, அப்ப போய் இடைஞ்சல் பண்ண வேண்டாம். அங்க சில கல்லுல 2602, 2603ன்னு வருஷம் இருந்தா பயந்துடாதீங்க, அது ஜப்பான்காரன் இந்த ஊரை சியோனான்னு மாத்தி வச்சிருந்த காலம், அவங்க முதல் பேரரசர்ல இருந்து எண்ணுற கணக்கு, 660ஐக் கழிச்சா 1942, 1943. ஜப்பான் ஆட்சிப் பேருக்கு மெய்ஜின்னா 1867, தைஷோ 1911, ஷோவா 1925 கூட்டணும், ஹவ்காங் பக்கம் சுவான் ஹோ அவென்யூல ஜப்பானிய இடுகாட்டுப் பூங்கா இருக்கு, அங்க பழகிப் பாக்கலாம். ஜப்பான்ல ராஜா மாறின அன்னைக்கே பேரு மாறிடும், 1912 ஒரே வருஷம் மெய்ஜி 45ஆவும் தைஷோ 1ஆவும் இருக்கு.

மாசம் விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. சீன மாசம் சந்திரனை வச்சு, பன்னெண்டு மாசம் 354 நாள்தான், வருஷத்துக்கு 11 நாள் துண்டு விழும், அதை ஈடு கட்ட 19 வருஷத்துல 7 தடவை ஒரு மாசம் அதிகமாச் சேர்ப்பாங்க. எந்த மாசத்தைன்னா, சூரியன் 30 டிகிரிக்கு ஒண்ணா 12 புள்ளியைத் தாண்டுது, அப்படி ஒரு புள்ளியையும் தாண்டாத சந்திர மாசம் எதுவோ அது. தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கத்துல சங்கராந்தி வராத மாசத்தை அதிக மாசம்னு சொல்றாங்களே, அதே யோசனைதான். தமிழ் மாசம் சூரியனையே வச்சுப் போறதால நமக்கு இந்தத் தொல்லை இல்ல.

இதனால நடக்குற தப்பு ஒண்ணுதான், ஆனா எல்லா இடத்துலயும் நடக்குது. குவாங்ஷு 33ன்னா 1907ன்னு கணக்கு வரும், ஆனா அந்த வருஷம் 12ஆம் மாசம்னு கல்லுல இருந்தா அது 1908 ஜனவரி. 11, 12ஆம் மாசம் பாத்தாலே கைக்கணக்கை நிறுத்திட்டு தைவான்ல அகாடெமியா சினிக்காங்கற ஆராய்ச்சி நிறுவனம் இணையத்துல வச்சிருக்குற நாள்காட்டி மாத்தி இருக்கு, இலவசம், அதுல போட்டுப் பாருங்க. மாச எண்ணுக்குப் பதிலா பருவம் எழுதியிருந்தா, ஒவ்வொரு பருவத்துக்கும் மூணு மாசம், முதல், நடு, கடைசின்னு பிரிப்பாங்க, வசந்தம் 1ல இருந்து 3. நடு இலையுதிர்னா 8ஆம் மாசம், நாம மூன்கேக் சாப்பிடுற மாசம். ஜப்பான்ல இந்தச் சிக்கல் 1872 வரைக்கும்தான், 1873 ஜனவரி 1ல இருந்து அவங்க மேல்நாட்டு நாள்காட்டிக்கு மாறிட்டாங்க.

வீட்டுல உக்காந்து பழக நமக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஒரு கல்லு இருக்கு. கொழும்பு அருங்காட்சியகத்துல இருக்குற, இலங்கையோட காலி (Galle) ஊர் மும்மொழிக் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம், 1911ல அந்த ஊர்ல ஒரு மதகுக்கு மூடியாக் கிடந்தப்ப கண்டுபிடிச்சாங்க. சீன அட்மிரல் ஜெங் ஹோவோட கடல் பயணத்துல வந்தது, தமிழ்ப் பகுதியில காணிக்கை தெனவரை நாயனார்ங்கற சாமிக்கு, சீனப் பகுதியில புத்தருக்கு. சீனத் தேதி யோங்லே 7, ஜி-மாடு வருஷம். யோங்லே ஆரம்பம் 1403. போட்டுப் பாருங்க: 1409, கடைசி இலக்கம் 9 ஜி, 12ஆல வகுத்தா மீதி 5 மாடு. இன்னொண்ணு சீனாவோட சுவான்ஜோ துறைமுகத்துல கிடைச்ச தமிழ்க் கல்வெட்டு, அங்க இருந்த சிவன் கோவிலோடது, அதுல தேதி சக வருஷம் 1203, நம்ம வழக்கப்படி 78 கூட்டினா 1281. மங்கோலியர் ஆண்ட சீனாவுல நின்னுக்கிட்டு நம்மாளு சக வருஷம்தான் போட்டிருக்காரு, பாத்தீங்களா.

கடைசியா, கண்டுபிடிச்ச வருஷம் அந்தப் பலகைக்குத்தான் சொந்தம், கட்டடத்துக்கு இல்ல. தியன் ஹோக் கெங் கட்டி முடிச்சது 1842, கல்வெட்டு 1850, குவாங்ஷு ராஜா கொடுத்த பலகை 1907, ஒரே கூரைக்குக் கீழ மூணு காலம். புதுப்பிச்சோம்னு எழுதின பலகையைப் பாத்து கோவிலுக்கே அந்த வயசுன்னு சொல்றவங்க சுற்றுலா வழிகாட்டிகள்லயே உண்டு.

நீங்க படிச்சது சரியான்னு பாக்க விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துல லீ கொங் சியான் ரெஃபரன்ஸ் லைப்ரரிக்குப் போங்க. சென் சிங்-ஹோவும் டான் இயோக் சியோங்கும் தொகுத்த 1970 தொகுப்பு, கென்னத் டீனும் ஹுயே குவான் தையும் 1819ல இருந்து 1911 வரைக்கும் உள்ளதைச் சேர்த்து 2017ல போட்ட ரெண்டு பாகம், இதுல உங்க பலகை இருக்கான்னு கோவில் பேரை வச்சுத் தேடுங்க. அவங்க படிச்சப்ப தெளிவா இருந்த எழுத்து இன்னைக்கு பெயின்ட் அடிச்சு மறைஞ்சிருக்கலாம், அதனால நேர்ல பாத்ததையும் புத்தகத்தையும் ரெண்டையும் குறிச்சுக்குங்க. ரெஃபரன்ஸ் புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிட்டு வர முடியாது, அங்கேயே உக்காந்துதான் எழுதணும், ஏசி சும்மா நடுங்க வைக்கும், ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க.